செம்புக் காது வைத்த காசு

அதை நிறுத்திவிடும்மா, உனக்குப் புண்ணியமாகப் போகும். சத்தத்தைக் குறைத்தால் போதாது. அந்த ஆள் முகமே தெரியக்கூடாது. ஆமாம், போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள். ரொம்ப நல்லது.

தப்பாக நினைக்காதே. பக்கத்து சீட்டுக்காரியின் போனை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தக் குரல்தான் காதில் விழுந்துவிட்டது. "வணக்கம் உறவுகளே, இன்னைக்கு எந்தக் குப்பைமேட்டுல நிக்கறோம்னு பாருங்க" என்று ஆரம்பிப்பானே, அந்தக் குரல். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து மனசுக்குள் முருகன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாம் கலைந்துவிட்டது.

எனக்குக் கோபமே வராதும்மா. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். "தையல்நாயகியா, அது வாயில்லாப் பூச்சி" என்பார்கள். மூன்று பிள்ளைகளை வளர்த்தேன், ஒன்றின் மேலும் கை வைத்ததில்லை. ஆனால் அந்த ஆளின் மெஷினைப் பிடுங்கி, இப்போது தாண்டினோமே கொள்ளிடம் பாலம், அங்கிருந்து கீழே வீச வேண்டும் போல இருக்கிறது. மெஷினோடு அவனையும். ஆழம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான். சாக வேண்டாம், நனையட்டும்.

அவனை எனக்குத் தெரியுமாவா? அவன் என் வீட்டைத் தோண்டியவன். லட்சம் பேர் பார்த்தார்களாமே, அவன் ஒரு கல்லைப் புரட்டிவிட்டு அடியிலிருந்து ஒரு வெள்ளிக்காசு எடுப்பான், பார்த்திருக்கிறாயா? பார்த்தாயா? அது என் வீட்டு வாசல்.

உனக்கு அரியலூரா? எனக்கு அதற்கு முன்னாலேயே, மருதங்குடி கைகாட்டி. அங்கே இறங்க வேண்டும். பார்ப்போம்.

எங்கள் தெருவுக்குக் கரைத்தெரு என்று பேர். ஆற்றங்கரையை ஒட்டி இருபத்திரண்டு வீடு. கரையை உயர்த்தி அகலப்படுத்த வேண்டும் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் எல்லா வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தார்கள், குறை சொல்லக்கூடாது. மஞ்சள் வண்டி வந்து ஒரே நாளில் தட்டிவிட்டுப் போனது. தட்டினார்களே தவிர கரை வேலை தொடங்கவில்லை. சும்மா கிடக்கிற மனை என்றால் ஊருக்குத் தெரியாதா? முதல் வாரம் யாரோ ஒரு உடைந்த கக்கூஸ் கோப்பையைக் கொண்டுவந்து போட்டார்கள். அவ்வளவுதான். அப்புறம் கல்யாண மண்டபத்து எச்சில் இலை, பிள்ளைகளுக்குக் கட்டுகிற பேம்பர்ஸ், பீர் பாட்டில், பஞ்சு பிய்ந்த சோபா. நான் இருபத்தேழு வருஷம் கோலம் போட்ட இடம். அந்த இடத்தில் ஒரு சோபா மல்லாந்து கிடந்தது.

நான் இப்போது திருச்சியில் மூத்தவன் குமரவேலிடம் இருக்கிறேன். மாடி வீடு. நல்ல மருமகள். குறை சொல்லக்கூடாது.

போன மாதம் அவன்தான் போனை நீட்டினான். "அம்மா, இங்க பாருங்க, நம்ம வீட்டுக் குப்பையில ஒரு ஆளு புதையல் எடுக்கறான்" என்று சிரிக்கிறான். பார்த்தேன். நம் வீட்டு வேப்பமரம், ஒரு பக்கம் வெட்டுப்பட்ட மரம். அதற்கு இந்தப் பக்கம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இவன். கையில் ஒரு நீளக் கம்பு, கம்பு முனையில் தோசைக்கல் மாதிரி ஒரு தட்டு. அதைத் தரையோடு தரையாக ஆட்டிக்கொண்டே போகிறான். மண்ணுக்குள் இரும்போ தகரமோ இருந்தால் அது குய்யோ முறையோ என்று கத்துகிறது. தோண்டினால் பீர் மூடி. மறுபடியும் கத்துகிறது. புகையிலைப் பொட்டலத்து ஜிகினாக் காகிதம். அப்புறம் ஒரு ஆணி. அப்புறம் ஜாக்கெட் கொக்கி, அதைக் கேமராவில் காட்டிச் சிரிக்கிறான். யார் வீட்டு ஜாக்கெட்டோ! வெட்கம் வேண்டாம்?

அப்புறம் ஒரு யுக்தி சொல்கிறான் எல்லோருக்கும். "உறவுகளே, குப்பை விழுந்த மனையில எல்லா இடமும் கத்தும். ஏமாறாதீங்க. வாசல் நிலை எங்க நின்னுச்சுன்னு பாருங்க. நம்ம ஆளுங்க நிலை வைக்கும்போது அடியில காசு போடுவாங்க. அங்க தோண்டுங்க."

அவனுக்கும் ஒரு வீடு இருக்கும் இல்லையா? அந்த வீட்டுக்கும் ஒரு நிலை இருக்கும் இல்லையா?

உனக்கு இந்த வழக்கம் தெரியுமோ என்னவோ, இப்போதெல்லாம் கதவே ரெடிமேடாக வருகிறது. வீடு கட்டும்போது வாசல் நிலையை நிறுத்துகிற அன்று பூஜை போடுவார்கள். நிலைக்கு அடியில் ஒரு குழி. குழியில் நவதானியம், ஒரு பொட்டுத் தங்கம், காசு. அதன்மேல் கல், கல்லின்மேல் நிலை. இது எல்லோருக்கும் உள்ளது. என் மாமியார் வீட்டு வழியில் கூடுதலாக ஒன்று உண்டு. அந்த வீட்டில் பிறந்த கன்னிப்பெண்தான் குழியில் போட வேண்டும். போட்டவள், என்ன போட்டேன் என்று அந்த வீடு நிற்கிற வரைக்கும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது. சொன்னால் அந்த வீடு தங்காது. மற்றவர்களும் கேட்கக்கூடாது. நம்புவது நம்பாதது அவரவர் இஷ்டம். மாமியார் நம்பினார். அவர் பிள்ளை, என் வீட்டுக்காரர் கலியபெருமாள், நம்பினார். அவர் தங்கை செண்பகமும்.

செண்பகம்தான் போட்டாள். என் நாத்தனார். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. பேச்சு முடிந்திருந்தது. லால்குடியில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை.

நான் அந்தப் பூஜையைப் பார்க்கவில்லை. என் மகள் மங்கை பிறந்து பத்தொன்பதாவது நாள். தீட்டு. கட்டுகிற வீட்டுக்குப் பின்னால் கீற்றுக்கொட்டகையில் படுத்திருந்தேன். ஆனால் ஒன்று பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன், யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கீற்றை விலக்கிக்கொண்டு பார்க்கிறேன், செண்பகம் வாசல் பக்கம் நடந்து போகிறாள். வலது கை மூடியிருக்கிறது. விரலிடுக்கில் மஞ்சள் துணி தெரிகிறது.

முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் விட்டு, தீட்டுக் கழித்து, குழந்தைக்கு அரைஞாண் கட்ட வேண்டும். என் அம்மாவின் காசு ஒன்று என்னிடம் இருந்தது. தாடி வைத்த ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். எனக்கு ஒரு வயதில் என் அம்மா அதற்குக் கயிறு கோக்க ஒரு காது வைத்து இடுப்பில் கட்டினாராம். காதுக்கு வெள்ளி வாங்க வழியில்லை, அதனால் காது மட்டும் செம்பு. பத்தர் உரசிப் பார்த்ததில் ராஜாவின் தாடியில் ஒரு வெட்டு. அம்மா போனபின் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மங்கை இடுப்பில் அதைக் கட்ட வேண்டும் என்று ஒன்பது மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் திறந்தால், காசை முடிந்து வைத்திருந்த மஞ்சள் துணியும் இல்லை, காசும் இல்லை.

பெட்டிச் சாவி என் வீட்டுக்காரர் அரைஞாண் கயிற்றில்தான் எப்போதும் தொங்கும். அதை எப்படி எடுத்தாளோ.

நீயே சொல். மூடிய கையை நான் பார்த்தேன். மஞ்சள் துணியைப் பார்த்தேன். நான் கத்தவில்லையம்மா. எனக்குக் கத்தத் தெரியாது. பேர் வைக்க வந்த உறவுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அமைதியாகத்தான் கேட்டேன். "செண்பகம், என் அம்மா காசு எங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கோங்க அண்ணி" என்றாள்.

வச்சுக்கோங்களாம்! தெரியாதவள் தெரியாது என்பாள். வச்சுக்கோங்க என்பாளா?

தாம்பாளத்தில் கற்பூரத்தை ஏற்றினேன். "உன் கை அந்தக் காசுல படலைன்னு சொல்லி இதை அணைச்சுடு. நான் உன் கால்ல விழறேன்" என்றேன்.

கற்பூரம் எரிகிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு தடவை அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், தங்கையை இந்தக் கோலத்தில் எந்த அண்ணன்தான் பார்ப்பான்? மாமியார் "விடு தாயி, நல்ல நாள்ல" என்றார். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. செண்பகம் கையை நீட்டவே இல்லை.

"சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணி" என்றாள். அவ்வளவுதான்.

எல்லோரும் பார்த்தார்கள். நான் ஒருத்திக்கும் போய்ச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் சொன்னேன். கேட்டால் பொய் சொல்லவா முடியும்? லால்குடிக்காரர்கள் ஆள்விட்டுக் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு நான் என்ன செய்வேன்? அது அவர்கள் குணம். அப்புறம் மருதங்குடியில் பெண்டாட்டி செத்துப்போன ஒருத்தருக்கு, இரண்டு பிள்ளை இருக்கிற இடத்தில், கொடுத்தார்கள். நல்ல மனுஷன் என்றுதான் சொன்னார்கள். நெல் வயல் இருக்கிறதாம்.

அதற்கப்புறம் அவள் என் வீட்டுக்கு வரவில்லை. மங்கை கல்யாணத்துக்கு நான் பத்திரிகை வைக்கவில்லை. வைத்திருந்தால் வந்திருப்பாளோ என்னவோ. என் வீட்டுக்காரர் ஆறு வருஷத்துக்கு முன்னால் தவறினபோது வந்தாள். அதிலும் பார், வீட்டுக்குள் வரவில்லை! நிலையில் கை வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். உள்ளே அண்ணன் கிடக்கிறார். இவள் நிலையைத் தடவிக்கொண்டு நிற்கிறாள். என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டதோடு சரி, சொல்லவில்லை.

அவர் ரொம்ப சாதுவான மனுஷர். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. நான் எப்போதாவது செண்பகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், எழுந்து வாசலுக்குப் போய் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்படி ஒரு பக்தி. தங்கை செய்த பாவத்துக்கு அவர் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குக் கண் கலங்கும்.

நானும் சும்மா இருக்கவில்லையம்மா. அன்றாடம் விளக்கேற்றுகிறேன். மூன்று பிள்ளைகள், அவர், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் வேண்டிக்கொண்டு, கடைசியில் ஒன்று வேண்டுவேன். "முருகா, செண்பகத்தையும் மன்னிச்சுடு. அறியாம செஞ்சுட்டா." முப்பத்தொரு வருஷமாக. ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் படுத்தபடியே சொல்லிவிடுவேன். தனக்குத் தப்புச் செய்தவளுக்காக யார் இப்படி வேண்டுவார்கள், சொல்.

தண்ணீர் இருக்கிறதாம்மா? ஒரு வாய் கொடு. பஸ் தூக்கித் தூக்கிப் போடுகிறது.

எங்கே விட்டேன்? ஆ, வீடியோ. அந்த ஆள் வேப்பமரத்திலிருந்து எட்டு வைத்து அளந்து, சோபாவைப் புரட்டித் தள்ளி, குப்பையை வாரி ஒதுக்கி, நிலைக்கல்லைக் கண்டுபிடித்துவிட்டான். நிலை மரத்தைக் குமரவேல் பழைய மரக்கடைக்குக் கொடுத்திருந்தான். கல் மட்டும் கிடந்தது. கடப்பாரை போட்டுக் கல்லை நெம்புகிறான். அடியில் கறுப்பாகப் புழுதி. அதுதான் நவதானியமாம். முள்ளங்கி மாதிரி இன்னொரு சின்ன மெஷின் வைத்திருக்கிறான், அதைக் குழியில் விட்டால் மூச்சு இரைக்கிற நாய்க்குட்டி மாதிரி சத்தம் போடுகிறது. விரலை விட்டு எடுத்தான். தண்ணீரில் அலசினான். கேமராவுக்குக் கிட்டே காட்டினான்.

தாடி வைத்த ராஜா. செம்புக் காது.

குமரவேல் அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றான். "என் காசுடா" என்றேன். அவனுக்கு அந்தக் கதை தெரியும், எங்கள் வீட்டில் தெரியாதவர் யார்? அப்புறம் மெதுவாக, "பெட்டிச் சாவி அப்பாகிட்டதானேம்மா இருந்துச்சு?" என்றான்.

பார் அவன் புத்தியை! செத்துப்போன அப்பாவை. ஆறு வருஷம் ஆகிறது, திவசம் கொடுக்கிறவன் கேட்கிற கேள்வியா? அன்றைக்கு அவனுக்குச் சோற்றில் நெய் விடவில்லை.

நீ ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நீயும் அதைத்தான் கேட்கப் போகிறாயா? கேட்காதே. வீடு கட்டுகிறபோது பொட்டுத் தங்கம்கூட மிஞ்சவில்லை, எல்லாம் செங்கலாகப் போயிருந்தது. குழிக்கு ஒன்றும் இல்லையே என்று தவித்திருப்பார். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். தீட்டுக் கொட்டகைக்கு வந்து கேட்க முடியாது. அப்புறம் சொன்னால் வீடு தங்காது. அவர் என்ன செய்வார்? விடு. செத்தவரைப் பேசக்கூடாது.

பேசுகிறேன் என்றால் உயிரோடு இருக்கிறானே, அவனைப் பேசுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராகக் கரைத்தெருவுக்குப் போனேன். வாராவாரம் வருகிறான் என்று டீக்கடையில் சொன்னார்கள். எங்களுக்கு மூன்றாம் வீடு, மரியதாஸ் வீட்டு மனையில் நிற்கிறான். காதில் பெரிய ஹெட்போன். கூப்பிட்டேன், கேட்கவில்லை. கிட்டே போய் ஹெட்போனைப் பிடித்து இழுத்தேன்.

"ஐயோ! யாரும்மா நீங்க?"

"நீ தோண்டின வீட்டுக்காரி."

"எந்த வீடும்மா? இந்தத் தெருவுல பதினோரு வீடு தோண்டியிருக்கேன்."

"பதினோரு பல்லு புடுங்கினேன்னு பல் டாக்டர் சொல்ற மாதிரி சொல்றியே! வெட்கமா இல்ல? குடியிருந்த வீட்டு வாசலைத் தோண்டறியே, நீ நல்லா இருப்பியா?"

"வீடு எங்கம்மா இருக்கு? குப்பைதானே இருக்கு."

"குப்பையைக் கொட்டினது நானா?"

"நானும் இல்லீங்களேம்மா. நான் அள்ளறவன்." பக்கத்தில் ஒரு கோணியைக் காட்டினான். அவன் தோண்டின ஆணி, தகரம், மூடி எல்லாம் அதில். போகும்போது எடுத்துக்கொண்டு போய் எடைக்குப் போடுவானாம். தோண்டின குழியையும் மூடிவிடுவானாம். நல்லவன் மாதிரி பேசினால் எனக்கு இன்னும் எரிகிறது. வயதும் சின்ன வயதில்லை. நாற்பத்தைந்து இருக்கும், காதோரம் நரைத்திருக்கிறது. பேர் இளங்கோவனாம். ஏதோ பாத்திரக் கம்பெனியில் சூப்பர்வைசராம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க மாட்டானா? பெண்டாட்டி எப்படி விடுகிறாள்?

"தாசில்தார்கிட்ட போவேன். போலீசுக்குப் போவேன்" என்றேன். எனக்கு இரண்டு ஆபீசும் எங்கே என்று தெரியாது.

"இருங்கம்மா, உட்காருங்க. எந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்க."

"வேப்பமரத்து வீடு."

அவன் முகம் மாறிவிட்டது. கையுறையைக் கழற்றினான். "என்னம்மா அடையாளம், சொல்லுங்க."

"வெள்ளி ரூபா. தாடி வச்ச ராஜா. செம்புல காது. தாடியில ஒரு வெட்டு."

சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் கையில் வைத்துவிட்டான். அவ்வளவுதான். ஒரு பேரம் இல்லை, ஒரு சண்டை இல்லை. "இது என்னுது, நான் கண்டுபிடிச்சது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தானானால் அங்கேயே உட்கார்ந்து ஊரைக் கூட்டியிருப்பேன். அதற்குத்தான் போனேன். நாக்கு நுனியில் அத்தனையும் வைத்துக்கொண்டு போனேன். ஒன்றையும் சொல்ல விடவில்லை படுபாவி.

"ஞாயித்துக்கிழமையானா பையிலயே வச்சுக்கிட்டு வர்றேம்மா, நீங்க எப்ப வருவீங்களோன்னு."

"நான் வருவேன்னு உனக்கு எந்த ஜோசியக்காரன் சொன்னான்?"

"ஜோசியக்காரன் இல்லைம்மா. வீடியோ போட்ட மூணாம் நாள் ஒரு அம்மா போன் பண்ணினாங்க. மருதங்குடியிலேருந்து. நீங்க சொன்ன அடையாளத்தையெல்லாம் அப்படியே சொன்னாங்க. செம்புக் காது, தாடி வெட்டு. 'அது எங்க அண்ணியோட தாய்வீட்டுக் காசு தம்பி. வித்துடாதீங்க. அண்ணி வருவாங்க. கொஞ்சம் கோவமா வருவாங்க. ஒண்ணும் பேசாம கொடுத்துடுங்க'ன்னாங்க."

கேட்டாயா? கோபமாக வருவேனாம்!

"அவளே வந்து வாங்கிக்கிட வேண்டியதுதானே?" என்றேன்.

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். 'இல்ல தம்பி, இனிமே நான் அதுல கை வைக்க மாட்டேன்'னுட்டாங்க."

அந்தச் சோபாவில்தான் போய் உட்கார்ந்தேன், நாற்றமடிக்கிற சோபாவில். அந்த ஆள் விடவில்லை. "யாரும்மா அவங்க? குழியில பார்த்தா, தவறி விழுந்த காசு மாதிரி இல்லை. நட்ட நடுவுல, தானியத்துக்கு அடியில வச்சிருந்துச்சு. மஞ்சள் துணி இத்துப்போய் நூலு ஒட்டியிருந்துச்சு. யாரோ கும்பிட்டு வச்சதும்மா அது."

"உன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போ" என்றேன்.

இப்போது சொல், நான் கோபப்படுவது தப்பா? அவள் எடுக்கவில்லை. சரி. எடுக்கவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? வீடு தங்காது என்றால், அவளுக்கென்ன, என் வீட்டுக்கு வருவது எனக்கு. நான் பட்டுவிட்டுப் போகிறேன். என் வீடு நிற்க வேண்டும் என்று இவள் எதற்கு முப்பத்தொரு வருஷம் திருடியாக இருக்க வேண்டும்? யார் கேட்டார்கள்? சரி, வீடு இடிந்து நாலு வருஷம் ஆகிறதே, அப்புறமாவது ஒரு போன்? அந்த ஆளுக்குப் போன் பண்ணத் தெரிகிறது. எனக்குப் பண்ண மாட்டாளாம். அவனிடமும்கூட, நான்தான் குழியில் போட்டேன் என்று சொல்லவில்லை பார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் அண்ணி காசு என்கிறாள். அண்ணியாம்!

என்னைவிட ஒரு படி உயரத்தில் நின்று பார்க்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மங்கையிடம் போனில் சொன்னேன். அவள் காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அத்தை எப்படி இருப்பாங்கம்மா? கறுப்பா, சிவப்பா? நான் பார்த்ததே இல்லையே" என்றாள். அப்பா செத்த அன்று வாசலில் நின்றவள்தான் என்றேன். "அந்த அம்மாவா? நான் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேனே. என் தலையைத் தடவினாங்களே" என்கிறாள்.

அந்த ஆள் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் காசுக்காக இல்லையம்மா. அன்றைக்கு ராத்திரி கழிந்து காலையில் குளித்து விளக்கேற்றினேன். வழக்கம்போல வாய் தானாகப் போகிறது. குமரவேல், சின்னவன், மங்கை, பேரப்பிள்ளைகள். "முருகா, செண்பகத்தையும்..." என்று வந்து நின்றுவிட்டது. மேலே வார்த்தை வரவில்லை. முப்பத்தொரு வருஷம் சொன்ன வார்த்தை, அந்த இடத்தில் இப்போது என்ன சொல்வது? மன்னிச்சுடு என்று சொல்ல முடியாது. சொல்லாமல் எழுந்திருக்கவும் முடியவில்லை. விளக்கு எரிந்து திரி கருகுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அந்த இடம் வரைக்கும்தான் என்னால் கும்பிட முடிகிறது. அந்த ஆள் அதைத்தான் தோண்டி எடுத்துவிட்டான். அந்தக் காசு அங்கேயே கிடந்திருக்கக் கூடாதா? பேம்பர்ஸுக்கும் பீர் மூடிக்கும் அடியில், யாருக்கும் தெரியாமல்? நான் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பேன்.

அதனால்தான் போகிறேன். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். இந்தப் பையில் ஒரு சீப்புப் பூவன்பழமும் ஒரு நூல் புடவையும் இருக்கிறது. சும்மா. வெறுங்கையோடு போகக்கூடாது. காசு இதோ, முந்தானையில். மஞ்சள் துணி புதிது.

இது மூன்றாவது தடவை. போன வெள்ளிக்கிழமை வந்தேன். மழை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பஸ் கைகாட்டியைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினான், வயல் பக்கம், எனக்கு இறங்கப் பிடிக்கவில்லை. இரண்டு தடவையும் அரியலூர் வரைக்கும் போய் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இன்றைக்கு மழை இல்லை.

ஏம்மா, நீ அரியலூர் போகிறதில் அவசரம் ஒன்றும் இல்லையே? இந்தக் காசை நீ கொண்டுபோய்க் கொடுத்துவிட முடியுமா? கைகாட்டியிலிருந்து நடக்கிற தூரம்தானாம். செண்பகம் என்று கேட்டால் சொல்வார்கள். உங்கள் அண்ணி கொடுத்தார் என்று சொல்லி... இல்லை, வேண்டாம். அவள் வாங்க மாட்டாள். கை வைக்க மாட்டேன் என்றாளே.

நானேதான் போக வேண்டும்.

வாசலிலேயே நிற்பேன். உள்ளே போக மாட்டேன். அவள் என் வீட்டு வாசலில் நின்றாளே, அதேபோல் நிலைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிடுவேன். அவள் "உள்ள வாங்க அண்ணி" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நல்லது. சொல்லாவிட்டால் கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். கோபத்தோடு போய்க் கோபத்தோடு வந்துவிடலாம்.

சொல்லிவிட்டால் என்னம்மா செய்வேன்?

என்ன சொல்கிறார் கண்டக்டர்? கைகாட்டியா? அதற்குள்ளா?

நீ எழுந்திருக்காதே. நான்... சரி, எழுந்திரு. அந்தப் பையை எடுத்துக்கொடு. தம்பி! கண்டக்டர் தம்பி, விசில் கொடுத்துடாதீங்க, ஆள் இறங்கணும்.

கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளம்மா. படி ரொம்ப உயரமாக இருக்கிறது.